அஞ்சியோ கிளியர், பிறகு ஏன் எம்ஆர்ஐ?

"அஞ்சியோகிராம் செய்து பாத்தாச்சு, இரத்தக் குழாய் ஒண்டும் அடைபடேல்ல, எல்லாம் கிளியர்" எண்டு டொக்டர் சொன்ன உடன நாங்கள் எல்லாரும் அப்பாடா எண்டு இருந்திட்டம், அம்மா நல்லூருக்கு அர்ச்சனைக்கு வெளிக்கிட்டிட்டா, அக்கா கனடாவில இருக்கிற சின்னண்ணைக்கு வொய்ஸ் போட்டுக்கொண்டு நிண்டா, அப்பதான் டொக்டர் அடுத்த கதையைச் சொன்னவர். "ஆனா இவருக்கு இரத்தத்தில ட்ரொபோனின் எண்ட இதயத் தசைப் புரதம் நல்லாக் கூடியிருக்கு, அது சும்மா கூடாது, இதயத் தசையில ஏதோ நடந்திருக்கு, என்னெண்டு தெரியோணுமெண்டா கார்டியாக் எம்ஆர்ஐ ஒண்டு எடுக்கோணும்."

ஆள் என்ர அத்தான். நாப்பது தாண்டிக் கொஞ்சக் காலம்தான், சிகரெட் இல்லை, சீனி வருத்தம் இல்லை, பிரஷர் இல்லை, புன்னாலைக்கட்டுவன் பக்கம் வெங்காயத் தோட்டம் செய்யிற மனிசன், விடிஞ்சா மண்வெட்டியும் கையும்தான். மாரி நேரம் டெங்கு வந்து வார்ட்டில கிடந்து தப்பி வீட்ட வந்தவர், வந்து கொஞ்ச நாளில விடியப்புறம் நெஞ்சு நோ, வேர்வை, ஈசிஜியில மாற்றம், இரத்தத்தில ட்ரொபோனின் கூட, ஆர் பாத்தாலும் ஹார்ட் அட்டாக் எண்டுதான் சொல்லுவினம். அஞ்சியோவில குழாய் சுத்தம்.

ஊரில கனபேர் என்னைக் கேட்டது, எம்ஆர்ஐ எண்டா மூளைக்கும் நாரிக்கும்தானே எடுக்கிறது, இதயத்துக்கு என்னத்துக்கு, அஞ்சியோவே கிளியர் எண்ட பிறகு ஏன் கொழும்புக்குக் கொண்டுபோய்க் காசைக் கொட்டுறியள் எண்டு. நான் ஏ.எல் பிள்ளையளுக்கு பௌதிகவியல் படிப்பிக்கிறனான், காந்தப்புலமும் மீடிறனும் என்ர சாப்பாடு, அதால இதைத் தேடி வாசிச்சு, டொக்டர்மாரிட்டயும் ஸ்கான் எடுக்கிற ஆக்களிட்டயும் கேட்டு விளங்கிக்கொண்டதை இஞ்ச எழுதிறன். எங்கட ஆக்கள் கட்டாயம் தெரிஞ்சிருக்க வேண்டிய ஒரு விசயம் நடுவில வரும், அதை மட்டுமாவது வாசிச்சிட்டுப் போங்கோ, அது செல் பீஸ், அதாவது செல் வெடிச்சு உடம்புக்குள்ள தங்கிப்போன இரும்புத் துண்டு பற்றினது.

முதல் ஒண்டு. ஈசிஜி காட்டுறது இதயத்தின்ர மின்சாரத்தை. எக்கோ ஒலி அலையை வைச்சு இதயம் எப்பிடி அசையுது, வால்வு எப்பிடித் திறந்து மூடுது எண்டு காட்டும். அஞ்சியோகிராம் இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோற குழாயின்ர உள் விட்டத்தைக் காட்டும், அவ்வளவுதான். இந்த மூண்டிலயும் தசை என்ன நிலையில இருக்கு, வீங்கியிருக்கோ, செத்துப்போச்சோ, தழும்பு விழுந்திட்டோ எண்டு நேர பாக்க ஏலாது, அசைவு குறைஞ்சிருந்தா அதை வைச்சு ஊகிக்கலாம். எம்ஆர்ஐ மட்டும்தான் ஆளை வெட்டாமல், கதிர்வீச்சு இல்லாமல், தசையையே காட்டுறது. மற்றப்படி ஊசி விட்டு இதயத்தில இருந்து ஒரு துண்டுத் தசையை எடுத்துப் பாக்கோணும், அதை ஆர் விரும்புவினம்.

எப்பிடிக் காட்டுது எண்டு கொஞ்சம் பொறுமையா வாசியுங்கோ. எங்கட உடம்பில பாதிக்கு மேல தண்ணி, தண்ணியில ஐதரசன், ஐதரசன் கருவில ஒரேயொரு புரோத்தன், அந்தப் புரோத்தனுக்கு காந்தத் தன்மை இருக்கு. சாதாரணமா எல்லாம் கண்டபாட்டுக்கு எல்லாத் திசையிலயும் நிக்கும். பெரிய காந்தத்துக்குள்ள ஆளைப் படுக்க வைச்சா மிகச் சின்ன ஒரு பங்கு புரோத்தன் அந்தப் புலத்தின்ர பக்கம் கூடுதலாச் சாயும், சாய்ஞ்சபடி ஒரு குறிப்பிட்ட மீடிறனில, அதாவது செக்கனுக்கு இத்தனை தரம் எண்டு, சுழலும். வழமையா இதயத்துக்குப் பாவிக்கிற மெசின் 1.5 டெஸ்லா, இஞ்ச யாழ்ப்பாணத்தில பூமியின்ர காந்தப்புலத்தோட பாத்தா முப்பதாயிரம் மடங்குக்கு மேல. அந்தப் புலத்தில புரோத்தன் சுழலுற மீடிறன் கிட்டத்தட்ட 64 மெகாஹேர்ட்ஸ், நீங்கள் வீட்டில கேக்கிற எவ்எம் ரேடியோ 88 இல தொடங்குது, அதுக்குக் கொஞ்சம் கீழ, அவ்வளவுதான். அதே மீடிறனில ஒரு ரேடியோ அலையைக் குடுத்தா புரோத்தன் சக்தியை வாங்கும், அலையை நிப்பாட்டினா திருப்பி விடும், திருப்பி விடுற சிக்னலை நெஞ்சில போட்டிருக்கிற சுருள் பிடிக்கும். திரும்பி வர எடுக்கிற நேரம் கொழுப்பில ஒண்டு, தசையில ஒண்டு, வீங்கித் தண்ணி கோத்த தசையில இன்னொண்டு. அந்த வித்தியாசம்தான் படத்தில கறுப்பும் வெள்ளையுமாத் தெரியிறது.

இது ஒரு நாளில வந்ததில்லை. 1946 இல பெலிக்ஸ் புளொக்கும் எட்வேர்ட் பர்செலும் தனித்தனியா இந்தப் பரிவை, அதாவது மீடிறன் பொருந்தினா கரு சக்தியை வாங்கிறதை, கண்டுபிடிச்சவை, 1952 இல ரெண்டு பேருக்கும் பௌதிகவியல் நோபல். பிறகு கன வருசம் இது இரசாயன ஆய்வுகூடத்துக்குள்ளதான் கிடந்தது. 1973 இல போல் லோட்டர்பர் காந்தப்புலத்தை ஒரு பக்கம் கொஞ்சம் கூட்டி மற்றப் பக்கம் கொஞ்சம் குறைச்சு வைச்சு, அப்ப இடத்துக்கிடம் மீடிறன் மாறும், மீடிறனைப் பாத்தே சிக்னல் எந்த இடத்தில இருந்து வருது எண்டு சொல்லலாம், அதால படம் வரையலாம் எண்டு காட்டினவர். அந்தக் கட்டுரையை நேச்சர் சஞ்சிகை முதல் வேண்டாமெண்டு திருப்பி அனுப்பினது, மனிசன் விடாமல் திருப்பிக் கேட்டுத்தான் போட்டவை. படத்தைக் கெதியா எடுக்கிற வழியைக் கணக்கோட காட்டினவர் நொட்டிங்ஹாமில இருந்த பீற்றர் மான்ஸ்பீல்ட். 2003 இல ரெண்டு பேருக்கும் மருத்துவ நோபல். இதை வகுப்பில சொல்லேக்க பிள்ளையளுக்கு நான் சொல்லுறது, நீங்கள் சோதினைக்குப் பாடமாக்கிற அந்தச் சமன்பாடு ஒரு ஆளின்ர உயிரைக் காப்பாத்தும் எண்டுதான், உண்மையில அப்பிடித்தான் நான் நம்புறன்.

மூளை அசையாது, ஆடாமல் படு எண்டா படம் வந்திடும். இதயம் அப்பிடியில்லை, செக்கனுக்கு ஒருக்கா துடிக்குது, மூச்செடுக்க உதரவிதானம் ஏறி இறங்கி அதோட சேத்து இதயமும் ஏறி இறங்குது. அதுக்குத்தான் நெஞ்சில ஈசிஜி ஒட்டி, ஒவ்வொரு துடிப்பிலயும் அதே கட்டத்தில கொஞ்சம் கொஞ்சமா தரவை எடுத்து, பல துடிப்பில எடுத்ததைச் சேத்து ஒரு படமாக்கிறது. மூச்சை ஒரு பத்துப் பதினைஞ்சு செக்கன் பிடிக்கச் சொல்லுவினம், பேந்து விடு, பேந்து பிடி, இப்பிடி முக்கால் மணித்தியாலம் ஒரு மணித்தியாலம் போகும். துடிப்பு ஒழுங்கில்லாமல் ஓடுற ஆக்களுக்கும் மூச்சுப் பிடிக்க ஏலாத ஆக்களுக்கும் படம் கலங்கும், அதுக்கெண்டு வேற முறையளும் இருக்கு, ஆனா தெளிவு குறையும்.

இதில எங்கட ஆக்களுக்கு இன்னொரு கஷ்டம் மொழி. அத்தானுக்கு எடுத்தது கொழும்பில, மூச்சை இழு, விடு, பிடி எண்டு ஹெட்போனுக்குள்ள சொல்லுறது சிங்களத்தில, அத்தானுக்கு சிங்களம் சந்தைக்குப் போற வியாபாரிமாரோட கதைக்கிற அளவுதான். அக்கா வாசலில நிண்ட பெடியனிட்ட அந்த மூண்டு கட்டளையையும் கேட்டு அப்பொயின்மென்ட் துண்டின்ர பின்பக்கம் தமிழ் எழுத்தில எழுதி அத்தானுக்குக் குடுத்தா, அவர் வெளியில வாங்கில இருந்து சொல்லிச் சொல்லி மூச்சுப் பிடிச்சுப் பழகினவர். அந்தப் பெடியனும் நல்ல பிள்ளை, பக்கத்தில வந்து நிண்டு தானும் சேந்து மூச்சுப் பிடிச்சுக் காட்டினவன். முதலே பழகிப் போனதால உள்ள திருப்பித் திருப்பி எடுக்க வேண்டி வரேல்ல. நீங்களும் வயசான ஆக்களைக் கொண்டு போறதெண்டா வீட்டிலயே பழக்கிக்கொண்டு போங்கோ, மூச்சை வெளிய விட்டிட்டுப் பிடிக்கிறது இழுத்துப் பிடிக்கிறதை விடக் கஷ்டம், பெரும்பாலும் அதைத்தான் செய்யச் சொல்லுவினம்.

அங்க காத்துக்கொண்டிருக்கேக்க வவுனியாவில இருந்து வந்த ஒரு அம்மாவைக் கண்டனாங்கள். அவவுக்கும் இதயத்துக்குத்தான். தாலிக்கொடியைக் கழட்டச் சொல்ல அம்மா மாட்டன் எண்டிட்டா, அழுகையும் வந்திட்டுது, மனிசன் பக்கத்தில நிக்கேக்க எப்பிடிக் கழட்டுறது எண்டு. நேர்ஸாலயும் தங்கம்தானே எண்டு விட ஏலாது, ஏனெண்டா தங்கம் காந்தத்துக்கு இழுபடாது, ஆனா மின்னைக் கடத்தும், ரேடியோ அலையில சூடாகலாம், அதோட தாலி கிடக்கிறது சரியா இதயத்துக்கு மேல, அந்த இடத்துப் படமே கெட்டுப்போகும். கொடியைத் திருப்பிப் பாத்தா அதில வரிசையா சேப்டி பின் கொழுவிக் கிடக்கு, எங்கட அம்மாமார் எல்லாரும் செய்யிறதுதானே. அது இரும்பு, தங்கத்தை விட அதுதான் ஆபத்து. கடைசியில அக்கா தன்ர கையில கட்டியிருந்த கோயில் நூலை அவிட்டு, மனிசனைக் கொண்டு அந்த அம்மாவின்ர கழுத்தில கட்டுவிச்சா, பிறகுதான் அம்மா கொடியைக் கழட்டினவா. வீட்டை விட்டு வெளிக்கிட முதலே மஞ்சள் கயிறு ஒண்டு கொண்டு போங்கோ. ஆம்பிளையள் அரைஞாண், தாயத்து எல்லாம் கழட்டோணும், தாயத்துக்குள்ள என்ன தகடு இருக்கெண்டு ஒருத்தருக்கும் தெரியாது. ஜெய்ப்பூர் கால் எண்ட பொய்க்கால் போட்டிருக்கிற ஆக்கள் அதை வெளியில கழட்டி வைச்சிட்டு அவையள் தாற கதிரையிலதான் உள்ள போகோணும், சாதாரண வீல் செயார் உள்ள போகக் கூடாது.

ஏன் இவ்வளவு கண்டிப்பெண்டா, அந்தக் காந்தம் எந்த நேரமும் ஒன்தான். ஸ்கான் நடக்காட்டியும், இரவில ஒருத்தரும் இல்லாட்டியும் அது அங்க நிக்கும், ஏனெண்டா அது -269 பாகையில திரவ ஈலியத்துக்குள்ள கிடக்கிற மீகடத்திச் சுருள், ஒருக்கா மின்னோட்டம் ஏத்தினா அது குறையாமல் ஓடிக்கொண்டே இருக்கும். 2018 ஜனவரியில மும்பையில சொந்தக்காரரைப் பாக்க வந்த ஒரு இளம் மனிசன் ஒட்சிசன் சிலிண்டரோட அந்த அறைக்குள்ள போக, காந்தம் சிலிண்டரை இழுத்து உயிர் போனது. எங்கட ஊரில நோயாளிக்குப் பின்னால நாலு பேர் அறைக்குள்ள போற பழக்கம் இருக்கு, தயவுசெய்து இந்த அறைக்குள்ள வேண்டாம்.

இப்ப செல் பீஸ்.

அத்தானின்ர வலது தொடையில ஒரு பீஸ் இருக்கு. யுத்தத்தில யாழ்ப்பாணமே வெளிக்கிட்ட 95 இடப்பெயர்வுக்குக் கொஞ்சம் முதல், அவர் பள்ளிக்கூடப் பெடியனா இருக்கேக்க பட்டது, அந்தநேரம் இருந்த டொக்டர் எடுக்கப்போனா இன்னும் கூடச் சேதம், விடுவம் எண்டு தைச்சு விட்டவர். முப்பது வருசமா அது அங்கதான் கிடக்கு, மழைக்குளிருக்கு உளையும், மற்றப்படி அவர் அதைப் பற்றிக் கதைக்கிறதே இல்லை. ஸ்கானுக்கு முதல் நிரப்பத் தாற போமில உடம்புக்குள்ள உலோகம் ஏதும் இருக்கோ எண்டு ஒரு கேள்வி. அத்தான் இல்லையெண்டு போடப் பாத்தவர். ஏன் எண்டு கேட்டா, கொழும்பில போய் செல் பீஸ் இருக்கெண்டு சொன்னா என்ன நினைப்பினம், எங்க பட்டது எப்ப பட்டது எண்டு தோண்டுவினம், தேவையில்லாத பிரச்சினை எண்டார். இதைச் சொல்லேக்க அவற்ற முகத்தில இருந்த பயம் எனக்குத் தெரியும், எங்கட வயசு ஆக்கள் எல்லாருக்கும் தெரியும். எத்தனை சோதனைச் சாவடியில தழும்பைப் பாத்துப் பாத்து கேள்வி கேட்டவை.

அக்கா விடேல்ல. போமில எழுதி, தனியாவும் போய் ரேடியோலொஜிஸ்ட்டிட்டச் சொன்னா. அந்த டொக்டர் ஒரு கேள்வியும் தேவையில்லாமல் கேக்கேல்ல, எங்க இருக்கு, எத்தனை வருசம், வேற எங்கயும் இருக்கோ, கண்ணில கழுத்தில ஏதும் பட்டதோ, இவ்வளவுதான். தொடைக்கு எக்ஸ்ரே, தலைக்கும் ஒரு எக்ஸ்ரே, பீஸ் தொடைத் தசைக்குள்ள, பெரிய இரத்தக் குழாயில இருந்து தள்ளி இருக்கு, கண்ணில ஒண்டும் இல்லை எண்டு உறுதி செய்து, எடுக்கலாம் எண்டு முடிவெடுத்தவர். கையில பஸர் குடுத்து, தொடை சுட்டாலோ இழுத்தாலோ உடன அமத்துங்கோ எண்டு சொல்லித்தான் உள்ள விட்டவை. ஒண்டும் நடக்கேல்ல.

இதில பௌதிகவியல் என்னெண்டா, இரும்பை இழுக்கிற விசை காந்தப்புலம் எவ்வளவு பெரிசு எண்டதில மட்டும் இல்லை, இடத்துக்கிடம் அது எவ்வளவு கெதியா மாறுது எண்டதிலயும் இருக்கு, அது கூட மாறுறது மெசினின்ர வாசலடியில. அதால ஆள் உள்ள போகேக்கயும் வரேக்கயும்தான் இழுவை கூட. செல்லின்ர கோது உருக்கு, இழுபடும். துப்பாக்கிச் சன்னம் ஈயமும் செம்புமா இருந்தா இழுபடாது, ஆனா உருக்கு வைச்ச சன்னமும் இருக்கு, எக்ஸ்ரேயில பாத்து இது எது எண்டு சொல்ல ஏலாது, எக்ஸ்ரே இடத்தைத்தான் சொல்லும். பழைய பீஸைச் சுத்தி உடம்பு தழும்பு கட்டி இறுக்கிப் பிடிச்சிருக்கும், அதால தசைக்குள்ள இருக்கிறது பெரும்பாலும் அசையாது. ஆனா கண்ணுக்குள்ள ஒரு குறுணி இருந்தாலும் அசைஞ்சு பார்வையே போகலாம், மூளைக்குப் பக்கத்தில, முள்ளந்தண்டு நரம்புக்குப் பக்கத்தில, பெரிய குழாயோட ஒட்டி இருந்தாலும் விட மாட்டினம். எடுக்கலாமோ இல்லையோ எண்டு தீர்மானிக்கிறது ரேடியோலொஜிஸ்ட், நீங்களும் இல்லை நானும் இல்லை. ஆனா நீங்கள் சொன்னால்தான் அவருக்குத் தெரியும். வடக்கில ஒரு தலைமுறையே உடம்பில இரும்போட திரியுது. அது உங்கட குற்றம் இல்லை, மறைக்கிறதுக்கும் இல்லை. எத்தனை வருசம் ஆனாலும், எவ்வளவு சின்னன் எண்டாலும், சொல்லுங்கோ. வன்னியில இருந்து வந்த ஆக்களுக்கு எங்கயெங்க எத்தனை இருக்கெண்டு அவையளுக்கே தெரியாது, அப்பிடியெண்டா அதையும் அப்பிடியே சொல்லுங்கோ, எக்ஸ்ரே எடுத்துப் பாப்பினம்.

சரி, அத்தானின்ர படத்துக்கு வருவம். நடுவில கையில கடோலினியம் எண்ட மருந்து ஊசியாப் போட்டு, பத்து நிமிசத்துக்கு மேல பொறுத்து திருப்பிப் படம் எடுக்கிறது, இதயத்துக்கு எடுக்கிற எம்ஆர்ஐயில எனக்குப் பெரிய விசயமாப் படுறது இதுதான். கடோலினியம் உயிருள்ள கலத்துக்குள்ள போகாது, கலத்துக்கு வெளியில இருக்கிற இடைவெளியில மட்டும் நிக்கும். நல்ல தசையில கலம் நெருக்கமா அடுக்கிக் கிடக்கு, மருந்து வந்த வேகத்தில கழுவுப்பட்டுப் போயிடும். கலம் செத்து உடைஞ்ச இடத்தில, தழும்பு விழுந்த இடத்தில இடைவெளி கூட, மருந்து தங்கி நிக்கும். மாரி மழை விட்டு மேட்டு வயல் எல்லாம் வடிஞ்ச பிறகும் பள்ளக்காணியில மட்டும் தண்ணி நிக்குமே, அப்பிடி. படத்தில நல்ல தசை கறுப்பு, பழுதான இடம் வெள்ளை.

அந்த வெள்ளை எங்க கிடக்கு எண்டதிலதான் முழுக் கதையும். குழாய் அடைச்சு வாற ஹார்ட் அட்டாக்கில தசை சாகிறது எப்பவும் உள்பக்கத்தில தொடங்கி வெளிப்பக்கத்துக்குப் பரவும், ஏனெண்டா குழாய் வெளியில இருந்து உள்ள வருது, உள்ஓரம்தான் கடைசியா இரத்தம் கிடைக்கிற இடம். அதால வெள்ளை உள்ஓரத்தோட ஒட்டி இருந்தா அது அட்டாக். வைரஸால வாற தசை அழற்சியில வெள்ளை வெளிஓரத்திலயோ சுவரின்ர நடுவிலயோ திட்டுத் திட்டா இருக்கும், உள்ஓரம் தப்பியிருக்கும். அத்தானுக்கு இடது அறையின்ர பக்கச் சுவரில, வெளிஓரமா, அதே இடத்தில வீக்கத் தண்ணியும் காட்டிற்று. மயோகார்டைட்டிஸ், டெங்குக்குப் பிறகு வந்த இதயத் தசை அழற்சி எண்டு டொக்டர் சொன்னவர். இந்த முடிவுக்கு வாறதுக்கெண்டே 2009 இல ஒரு விதிமுறை எழுதி 2018 இல திருத்தியிருக்கினம், கனடாவில லேக் லூயிஸ் எண்ட இடத்தின்ர பேரில.

பேர் மாறினதால என்ன வந்தது எண்டு கேப்பியள். எல்லாமே மாறினது. ஹார்ட் அட்டாக் எண்டா அஸ்பிரின், கொலஸ்ரோல் குளிசை எண்டு காலத்துக்கும் போகும், அடுத்த அட்டாக் எப்ப வருமோ எண்ட பயத்தோட வாழோணும். அழற்சியெண்டா முக்கியமா ஓய்வு, மூண்டு மாசத்தில இருந்து ஆறு மாசத்துக்கு பாரம் தூக்கக் கூடாது, ஓடக் கூடாது, மண்வெட்டி பிடிக்கக் கூடாது, ஏனெண்டா அழற்சி ஆற முதல் உடம்பை வருத்தினா துடிப்பு தாறுமாறாப் போய் திடீரெண்டு உயிர் போகலாம். அட்டாக்குக்குப் பிறகு நடக்கச் சொல்லி, உடற்பயிற்சி செய்யச் சொல்லிப் பழக்குவினம், இவருக்கு அதைச் செய்திருந்தா என்ன ஆகியிருக்கும் எண்டு நினைக்கவே ஏலாமல் இருக்கு. தோட்டத்தை அந்தப் போகம் குத்தகைக்குக் குடுத்திட்டம்.

அஞ்சியோ கிளியராகி ட்ரொபோனின் கூடியிருக்கிற ஆக்களில எல்லாருக்கும் அழற்சி எண்டும் இல்லை. சிலருக்கு உண்மையாவே சின்ன அட்டாக், குழாயை அடைச்ச இரத்தக் கட்டி கரைஞ்சு போயிருக்கும், எம்ஆர்ஐயில உள்ஓர வெள்ளை காட்டிக் குடுக்கும். சிலருக்கு, கூட வயசான பொம்பிளையளுக்கு, பெரிய துக்கம் ஒண்டு நடந்த உடன இதயத்தின்ர நுனி ஊதி நிண்டிடும், டகோட்சுபோ எண்டு ஜப்பான்காரர் 1990 இல எழுதினது, அதில வீக்கம் இருக்கும் ஆனா வெள்ளைத் தழும்பு பெரும்பாலும் இருக்காது, அனேகமான ஆக்கள் சுகமாகிடுவினம். மனிசன் செத்த வீட்டில நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு விழுந்த அம்மாமாரை நாங்கள் எல்லாரும் கண்டிருக்கிறம்.

குழாய் அடைச்ச ஆக்களுக்கும் இது உதவும். பைபாஸ் செய்தா அந்தத் தசை திரும்ப வேலை செய்யுமோ எண்டது பெரிய கேள்வி. 2000 இல நியூ இங்கிலாண்ட் ஜேர்னல் ஒவ் மெடிசினில வந்த ஆய்வில 50 நோயாளியளைப் பாத்து, சுவரின்ர தடிப்பில எவ்வளவு தூரத்துக்கு வெள்ளை போயிருக்கு எண்டதை வைச்சே அதைச் சொல்லலாம் எண்டு காட்டினவை, பாதிக்கு மேல போயிருந்தா குழாயைத் திறந்தும் பெரிசா பிரயோசனம் இல்லை. பிறகு 2012 இல இங்கிலாந்தில லீட்ஸில 752 பேரில செய்த ஆய்வில, குழாய் அடைப்பைக் கண்டுபிடிக்க கதிரியக்க மருந்து குடுத்து எடுக்கிற ஸ்கானை விட எம்ஆர்ஐ நல்லாப் பிடிச்சது. பிறப்பிலயே இரத்தம் சரியா ஊறாத தலசீமியாப் பிள்ளையளுக்கு இது இன்னும் பெரிய உதவி, இரத்தம் ஏத்தி ஏத்தி இரும்பு இதயத்தில சேரும், இரத்தத்தில இரும்பைப் பாத்தால் இதயத்தில எவ்வளவு எண்டு தெரியாது, 2001 இல லண்டனில கொண்டு வந்த டி2 ஸ்டார் அளவு, அதாவது எம்ஆர்ஐ சிக்னல் மங்க எடுக்கிற நேரம், 20 மில்லி செக்கனுக்குக் கீழ போனா இரும்பு சேந்திட்டுது, 10 க்குக் கீழ போனா இதயம் பழுதாகப் போகுது எண்டு முதலே சொல்லிடும், மருந்தைக் கூட்டிப் பிள்ளையைக் காப்பாத்தலாம். எங்கட நாட்டில குருநாகல், அனுராதபுரம் பக்கம் இந்தப் பிள்ளையள் கனக்க.

எனக்கு ஒரு ஆதங்கம் இருக்கு, அதையும் சொல்லோணும். இங்கிலாந்தில யூகே பயோபாங்க் எண்டு ஒரு பெரிய ஆய்வு, ஒரு லட்சம் பேரை இதயம் மூளை எல்லாம் எம்ஆர்ஐ எடுத்து 2025 இல அந்த இலக்கைத் தொட்டவை, அருமையான வேலை. ஆனா அதில இருக்கிற ஆக்களில நூறுக்குத் தொண்ணூறுக்கு மேல வெள்ளைக்காரர். சாதாரண இதயம் எண்டா இவ்வளவு பெரிசு, சுவர் இவ்வளவு தடிப்பு எண்டு ரிப்போர்ட்டில ஒப்பிடுற அளவு பெரும்பாலும் அந்த மாதிரி ஆக்களில இருந்து வந்தது. எங்கட ஆக்களின்ர இதயம் சராசரியில சின்னன். அதோட எங்கட பக்கத்து ஆக்களுக்கு முதல் அட்டாக் வாறதும் முந்தி, பல நாடுகளில அட்டாக் வந்த ஆக்களை வைச்சுச் செய்த இன்டர்ஹார்ட் ஆய்வில தெற்காசியாவில நடு வயசு 53, மற்ற நாடுகளில 58 க்கு மேல. வருத்தம் எங்களுக்கு முந்தி வருது, அளவு கோல் எங்களிட்ட இருந்து எடுக்கேல்ல. யாழ்ப்பாணத்தில மருத்துவ பீடம் இருக்கு, கெட்டிக்காரப் பிள்ளையள் இருக்கினம், எங்கட தோட்டக்காரர், கடல் தொழிலாளியள், வகுப்பில நாள் முழுக்க நிக்கிற ரீச்சர்மார், இவையின்ர இதயம் எப்பிடி இருக்கு எண்டு ஒரு ஆய்வு இஞ்ச நடக்கோணும் எண்டு எனக்கு சரியான ஆசை.

எல்லாருக்கும் இது தேவை எண்டும் நான் சொல்லேல்ல. நெஞ்சு நோ வந்த உடன ஓடவேண்டியது ஈசிஜிக்கு, எம்ஆர்ஐக்கு இல்லை, குழாய் அடைச்சிருந்தா ஒவ்வொரு நிமிசமும் தசை சாகுது. வாதக் காய்ச்சலில வால்வு பழுதான ஆக்களுக்கு பெரும்பாலும் எக்கோ காணும். குழாய்க்குள்ள கொழுப்புப் படிஞ்சிருக்கோ எண்டு பாக்க சிடி நல்லது. துடிப்பை ஒழுங்குபடுத்துற பேஸ்மேக்கர் பழசு வைச்சவை கட்டாயம் அதுக்குத் தந்த அட்டையைக் கொண்டுபோய்க் காட்டோணும், இப்ப வாறது கனக்க எம்ஆர்ஐக்கு ஏற்ற மாதிரிச் செய்தது, குழாய்க்குள்ள வைக்கிற ஸ்டென்ட் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. ஆனா இளம் பெடியன் விளையாட்டு மைதானத்தில மயங்கி விழுந்தா, குடும்பத்தில ஆரும் வயசில்லாத வயசில திடீரெண்டு செத்திருந்தா, இதயச் சுவர் தடிச்சிருக்கு எண்டு எக்கோவில சந்தேகம் வந்தா, அப்ப டொக்டரிட்ட இதைப் பற்றிக் கேளுங்கோ, நுனிப் பக்கம் மட்டும் தடிக்கிற வகை எக்கோவில தவறிப் போறது உண்டு.

போறதுக்கு முதல் போன் எடுத்து விபரமாக் கேளுங்கோ. எம்ஆர்ஐ மெசின் இருக்கிற எல்லா இடத்திலயும் இதயத்துக்கு எடுக்க மாட்டினம், அதுக்குத் தனி மென்பொருளும், நெஞ்சுச் சுருளும், பழகின ஆக்களும் வேணும், படத்தை வாசிக்கிற டொக்டர் இதயம் பாக்கிறவரோ எண்டும் கேளுங்கோ. சிறுநீரகம் எப்பிடி வேலை செய்யுது எண்டு காட்டுற கிரியற்றினின் ரிப்போர்ட் புதுசா வேணும், சிறுநீரகம் நல்லாப் பழுதான ஆக்களுக்கு பழைய வகை கடோலினியத்தால தோல் இறுகிற வருத்தம் வந்ததை 2006 இல கண்டுபிடிச்சவை, இப்ப பாவிக்கிற வகையில அந்த ஆபத்து மிகக் குறைவு எண்டாலும் சிறுநீரக வருத்தம் இருந்தா மறைக்காதேங்கோ. ஒடுக்கமான இடத்துக்குப் பயப்பிடுற ஆக்கள் உள்ள தள்ள முதலே கண்ணை மூடிக்கொண்டா கொஞ்சம் லேசு, சத்தம் பெருஞ்சத்தம்தான், அது காந்தப்புலத்துக்குள்ள இருக்கிற சுருளுக்கு மின்னோட்டத்தை மாத்தி மாத்திக் குடுக்க அது அதிருற சத்தம், மெசின் உடையேல்ல. முடிஞ்சு வரேக்க ரிப்போர்ட் பேப்பரை மட்டும் வாங்கிக்கொண்டு வராதேங்கோ, படம் முழுக்க இருக்கிற டிஸ்க்கையும் கேட்டு வாங்குங்கோ, ஆறு மாசத்தால திருப்பி எடுக்கேக்க வெள்ளை குறைஞ்சிருக்கோ எண்டு பழைய படத்தோட வைச்சுத்தான் பாப்பினம், அது இல்லையெண்டா ஒப்பிடுறதுக்கு ஒண்டும் இருக்காது.